சீனத்துத் தூணில் நரசிங்கர்

சீன தேசத்தின் தென்கிழக்குக் கடற்கரை நகரமாகிய சுவான்சோவில் வந்திறங்கிய தமிழ் அன்பருக்கு, இரு நாள்களாக உணவும் ஒத்துவரவில்லை. கடைப்பலகைகளில் ஓரெழுத்தும் விளங்கவில்லை. மூன்றாம் நாள், கி.பி. 686-இல் நிறுவப்பெற்ற கைய்யுவான் பௌத்த ஆலயத்துக்குச் சென்றார். இரட்டைக் கற்கோபுரங்களை அண்ணாந்து நோக்கியபின், பெருமண்டபத்தை வலம்வந்து பின்புறம் எய்தியவர் திகைத்து நின்றார்.

அங்கே பதினாறு பட்டைத் தூண்கள் இரண்டு. இரணியனை மடியிற் கிடத்தி வயிற்றைக் கிழிக்கும் நரசிங்கப் பெருமான் அவற்றில் எழுந்தருளியிருந்தார்! 'தூணிலும் உளன்' என்று பிரகலாதன் உரைத்தது சீனத்துத் தூணையும் சேர்த்துத்தானோ? சுற்றி நின்றவர் வியப்புடன் பார்க்க, அன்பர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

இந்நகரில் தமிழ் வணிகர் வாழ்ந்தனர். சீனத்தை ஆண்ட கானின் நலன் வேண்டி 1281-ஆம் ஆண்டு சித்திரைத் திங்களில் சிவபெருமானை எழுந்தருளச் செய்ததைத் தமிழ்க் கல்வெட்டொன்று கூறுகிறது. கோயில் பின்னாளில் அழிந்தது, கற்கள் சிதறின. சிவலிங்கத்தை யானை வழிபடும் சிற்பமும் அவ்வாறு கிடைத்ததே.

அருகிலுள்ள சிற்றூரில், அசுரனை மிதித்த நாற்கரத் தேவியின் பழஞ்சிலையை ஊரார் குவான்யின் என்னும் கருணைத் தெய்வமாகவே வணங்குகின்றனர். மாலையில் அன்பர் அங்குச் சென்றபோது, மூதாட்டி ஒருத்தி விலகி இடமளித்து, தன் ஊதுவத்திகளில் மூன்றை நீட்டினாள். எப்பெயர் சொல்லி வணங்குவதென்று அவர் சற்றே தயங்கினார். பின்னர், ஊரில் சொல்வதுபோலவே, "அம்மா" என்றார்.