திரையில் நடக்கும் போர்களும் எமது பிள்ளைகளின் வரலாறும்

பிளாக்டவுனிலும் அதன் அயலிலும் வாழும் எம்மவர் பிள்ளைகளுக்கு இன்று வரலாறு கற்பிப்பது யார் என்று கேட்டால், பாடநூல் என்று துணிந்து கூற எம்மால் இயலவில்லை. கணனிப் போர் விளையாட்டுகளே அவ்விடத்தைப் பெருமளவிற் பிடித்துள்ளன. வெறும் விளையாட்டுத்தானே என்று ஒதுக்குவோருக்கு ஒன்றை நினைவூட்ட விரும்புகின்றோம்.

2003 ஆம் ஆண்டில் பி.பி.சி. தொலைக்காட்சி 'டைம் கொமாண்டர்ஸ்' என்னும் நிகழ்ச்சியைத் தொடங்கியது. பண்டைய போரொன்றின் படையைச் சாதாரண மக்கள் நால்வரிடம் ஒப்படைத்து, அப்போரைப் பெருந்திரையில் மீண்டும் நடத்திப் பார்ப்பதே அதன் முறை. நிபுணர்கள் உடனிருந்து விளக்கினர். போரை இயக்கியதோ, அப்போது கடைக்கே வந்திராத 'ரோம்: டோட்டல் வோர்' விளையாட்டின் மென்பொருள். 2004 இல் அமெரிக்க ஹிஸ்டரி சனலும் அதனையே பயன்படுத்தியது. (இவ்வரிசையில் வந்த 'மெடீவல் 2' எமக்கு அண்மையில், பிரிஸ்பேன் நகரிலேயே உருவானது.) பொழுதுபோக்கு, தொலைக்காட்சிக்கு வந்ததும் சான்றாக மாறிவிட்டது.

அச்சான்றின் தரம் எத்தகையது? அவ்விளையாட்டின் காலம் கி.மு. 270 இல் தொடங்குகிறது. அதில் வரும் எகிப்தியர், அதற்கு ஆயிரம் ஆண்டுகள் முந்திய பாரோக்களின் படைகளைப் போலத் தேரேறி வருகின்றனர். உண்மையில் அந்நாளில் எகிப்தை ஆண்டவர்கள் மசிடோனிய வழிவந்த தொலமி மன்னர்கள். உடையில் மட்டும் பிழையென்றால் அது தையற்காரரோடு முடிந்துவிடும். இங்கு மறைந்துபோவது வேறு. கி.மு. 217 இல் ராஃபியாவில் நடந்த பெரும்போரில், நான்காம் தொலமி 20,000 எகிப்தியக் குடிமக்களுக்கு மசிடோனிய முறையில் ஈட்டிப் பயிற்சி அளித்துக் களத்தில் இறக்கினான் என்று பொலிபியஸ் எழுதுகிறார். வென்று திரும்பிய அம்மக்கள் தமது வலிமையை உணர்ந்து, அந்நிய அரசுக்கு எதிராகவே கிளர்ந்தனர் என்றும் அவர் கூறுகிறார். தேரேறிய எகிப்தியரைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு இக்கதை ஒருபோதும் கிடைக்காது. ராஃபியா என்பது, 2024 இல் அகதிகளின் அவலத்தால் உலகெங்கும் பேசப்பட்ட அதே ராஃபாவே.

இன்னொரு பிழையும் உண்டு. திரையில் களம் முழுவதும் மேலிருந்து தெரிகிறது. பண்டைய தளபதி எவனும் தன் களத்தை அவ்வாறு கண்டதில்லை; புழுதிக்குள் நின்று, தூதன் கொணர்ந்த பழைய செய்தியை நம்பியே கட்டளையிட்டான். மேலும் அத்திரையில் வீரர்கள் மட்டுமே இருப்பர். மூட்டை முடிச்சுகளோடு வீதியில் நடக்கும் குடும்பங்கள் அங்கில்லை. போர் என்றால் என்னவென்று அறிந்த எம்மவருக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

பிறர் வரலாற்றில் இத்தனை குறை காணும் நாம், எமது வரலாறு திரைக்கு வரும்போது என்ன செய்கின்றோம்? 2022 இல் 'ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 2' விளையாட்டில் திராவிடர் தனி இனமாகச் சேர்க்கப்பட்டனர்; இராசேந்திர சோழனின் படையெடுப்புகளும் ஒரு தொடராக இடம்பெற்றன. பெருமைப்பட்டோம், தவறில்லை. ஆயினும் அங்கே சிறப்புப் படையாக நிற்பவர், கேரளக் களரியோடு நாம் அறிந்த உறுமி வீசுவோர். தஞ்சைப் பெரியகோயிற் கல்வெட்டுகள் பெயர் சொல்லும் வேளைக்காரரையும் கைக்கோளரையும் நாம் ஏன் கேட்கவில்லை? திரிசடை என்றொரு போர்க்கப்பலும் அங்குண்டு. கடாரம் சென்ற 1025 ஆம் ஆண்டுப் படையெடுப்பைப் பற்றி மெய்க்கீர்த்தி கூறுவதோ, கலங்கள் பல அனுப்பப்பட்டன என்பது மட்டுமே. அவற்றின் வகையும் அளவும் அதில் இல்லை.

இன்னும் கடினமானது ஒன்றுண்டு. 1017 இல் சோழர் ஈழத்தின் ஐந்தாம் மகிந்தனைச் சிறைப்பிடித்தனர். அவன் சோழநாட்டிலேயே மாண்டான். விகாரைகளின் தாதுக் கருவறைகள் உடைத்துக் கொள்ளையிடப்பட்டதாகச் சூளவம்சம் குற்றஞ்சாட்டுகிறது. வென்றவரின் மெய்க்கீர்த்தி, கைப்பற்றிய முடிகளைப் பெருமையோடு எண்ணிக் காட்டுகிறது. இரண்டும் சார்புடையவை, இரண்டையும் ஒருங்கே வாசிக்க வேண்டும். முதலாவதை மாத்திரம் மறைத்துவிட்டு, கொழும்பின் பாடநூல்கள் எம்மை மறைத்தன என்று முறையிடும் தகுதி எமக்கு எங்கிருந்து வரும்?

விளையாட்டைப் பறித்துவிடுமாறு நாம் பெற்றோரைக் கேட்கவில்லை. பறித்தாலும் பிள்ளைகள் வேறிடத்தில் விளையாடுவர். சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைகளில் உயர்வகுப்பு மாணவருக்கு ஒரு தவணையேனும் இவ்விளையாட்டையும் மெய்க்கீர்த்தியையும் சூளவம்சத்தையும் அருகருகே வைத்துக் கற்பிக்கலாம். ஆசிரியர்கள் முன்வருவார்களாயின், வேண்டிய குறிப்புகளை ஆக்கித்தர நாம் ஆயத்தமாயுள்ளோம்.