ஊட்டி ட்ரவுட், நம்ம ஊர் ஜிலேபி: குளிர்காலத்தில் தூண்டில் போடலாமா?

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மார்கழி பிறந்துவிட்டால் காட்டேரிக்குப்பம், வில்லியனூர், பாகூர் பக்கம் ஏரிக்கரைகளில் தூண்டிலோடு ஆட்களைப் பார்க்கலாம். மண்புழு, தக்கை, தங்கூசி. செலவு அவ்வளவுதான். கெளுத்தியோ, விராலோ, ஒன்றும் இல்லாவிட்டால் ஜிலேபியோ மாட்டும்.

இதே மாதங்களில் அமெரிக்காவில் பனி மூடிய மலையாறுகளில் இடுப்பளவு தண்ணீரில் நின்று ட்ரவுட் பிடிக்கிறார்கள். தமிழ்நாட்டிலும் நீலகிரியில் ட்ரவுட் உண்டு. அப்படியானால் நாமும் குளிர்காலத்தில் அங்கே போய்த் தூண்டில் போடலாமா? சுருக்கமான பதில்: கூடாது. ஏன் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நம்ம ஊர் ஏரிக்கும் அதில் ஒரு பங்கு உண்டு.

ட்ரவுட் என்ன மீன்?

குளிர்ந்த, ஓடுகிற நீரில் வாழும் மீன். தண்ணீர் 10 முதல் 18 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் அதற்குச் சுகம். 25 டிகிரியை நெருங்கினால் உயிருக்கே ஆபத்து. காரணம் ஆக்சிஜன். 10 டிகிரி நீர் லிட்டருக்கு 11 மில்லிகிராம் வரை ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். 30 டிகிரியில் அது ஏழரை மில்லிகிராமாகக் குறைந்துவிடும். நம்ம ஏரித் தண்ணீரில் ட்ரவுட்டை விட்டால் சித்திரை வெயிலைத் தாண்டாது.

நீலகிரிக்கு அது எப்படி வந்தது?

வெள்ளைக்காரர்களின் பொழுதுபோக்குக்காக வந்தது. 1860-களில் மீனியல் அறிஞர் பிரான்சிஸ் டே எடுத்த முயற்சி பலிக்கவில்லை. பிறகு சென்னை மாகாண அரசின் மீன் வளர்ப்பு நிபுணர் ஹென்றி சார்லஸ் வில்சன், 1907-ல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்தார். அங்கே நிலைத்தது வானவில் ட்ரவுட். அதன் பூர்வீகம் வட அமெரிக்காவின் பசிபிக் கடற்கரைப் பகுதி. வேட்டைக்கும் மீன்பிடிப்புக்கும் கட்டுப்பாடு விதிக்கும் தனிச் சட்டம் நீலகிரியில் 1879-லேயே வந்துவிட்டது.

குளிர்காலத்தில் எப்படிப் பிடிக்கிறார்கள்?

'ஃப்ளை ஃபிஷிங்' என்பதில் மண்புழு கிடையாது. கொக்கியில் இறகு, நூல், ரோமம் சுற்றிப் பூச்சி மாதிரி செய்கிறார்கள். அதற்கு எடையே இல்லை என்பதால், கனமான நூலைச் சுழற்றி வீசி அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

மீனின் உடல் வெப்பம் தண்ணீரைப் பொறுத்தது. தண்ணீர் குளிர்ந்தால் அதன் செரிமானம் மந்தமாகும், பசியும் குறையும். வேகமான ஓட்டத்தை விட்டுவிட்டு ஆழமான, அமைதியான மடுவில் அடியோடு கிடக்கும். இரை மூக்குக்கு நேரே வந்தால்தான் வாய் திறக்கும். அதனால் குளிர்காலத்தில் சின்னஞ்சிறு பூச்சிப்புழு வடிவத்தைக் கட்டி, அடிமட்டத்தில் மெதுவாக மிதக்கவிடுகிறார்கள். விடியற்காலைக்குப் பதில், வெயில் ஏறிய உச்சிவேளையில்தான் போகிறார்கள்.

அணைக்குக் கீழே உள்ள ஆறுகள் இதற்குப் பேர்போனவை. நியூ மெக்சிகோ மாநிலத்தில் நவாஹோ அணைக்குக் கீழே ஓடும் சான் ஹுவான் ஆறு ஓர் உதாரணம். அணையின் ஆழத்திலிருந்து வெளியேறும் நீர் குளிர்காலத்திலும் உறைவதில்லை. வருஷம் முழுக்க ஏறக்குறைய ஒரே குளிர்ச்சியில் இருக்கிறது.

இங்கே ஏன் கூடாது?

முதல் காரணம், இனப்பெருக்கம். இந்தியாவின் மலை நீர்களில் ட்ரவுட் முட்டையிடுவது பெரும்பாலும் குளிர் மாதங்களில்தான். பெண் மீன் கூழாங்கல்லை வாலால் தோண்டி முட்டைகளைப் புதைக்கும். 10 டிகிரி நீரில் அவை பொரிக்க ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். அந்தக் கல்படுகையில் ஒருவர் காலை வைத்து நடந்தாலே முட்டைகள் நசுங்கிப்போகும். அதனால்தான் இமாச்சலப் பிரதேசத்தில் ட்ரவுட் ஆறுகளில் நவம்பர் 1 முதல் பிப்ரவரி முடியும் வரை மீன்பிடிக்கத் தடை. காஷ்மீரிலும் ட்ரவுட் தூண்டில் என்பது கோடைகாலச் சமாச்சாரம்தான்.

இரண்டாவது காரணம், இடம். அவலாஞ்சியை ஒட்டிய மலைகள் முக்குருத்தி தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. வரையாட்டுக்காக 1982-ல் சரணாலயமாகி, 1990-ல் தேசியப் பூங்காவான இடம் அது. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அங்கிருந்து எதையும் பிடித்து எடுத்துப்போக முடியாது. பூங்காவுக்கு வெளியே என்றாலும், மீன்வளத்துறை, வனத்துறை இரண்டிடமும் கேட்காமல் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது. நமக்கு இது புதிதல்ல. காட்டேரிக்குப்பத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஊசுடு ஏரியும் 2008-ல் பறவைகள் சரணாலயம் ஆனதால் இதே சட்டத்தின் கீழ்தான் வருகிறது.

அயல் மீனுக்கு ஏன் இவ்வளவு பாதுகாப்பு?

நியாயமான கேள்வி. உலகின் மிக மோசமான 100 ஊடுருவல் உயிரினங்கள் என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிட்ட பட்டியலில் வானவில் ட்ரவுட் இருக்கிறது. அதே பட்டியலில் நம்ம ஜிலேபியும் இருக்கிறது! ஜிலேபி ஆப்பிரிக்காவிலிருந்து 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. ஏழைக்கு மலிவான மீன் கிடைக்கட்டும் என்ற நல்ல எண்ணம்தான். முட்டையையும் குஞ்சையும் வாயிலேயே வைத்துக் காப்பாற்றும் மீன் என்பதால் ஏரி ஏரியாகப் பரவி, நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

ட்ரவுட்டால் இப்படிப் பரவ முடியவில்லை. நீலகிரியின் உச்சி ஓடைகளைத் தாண்டினால் வெப்பம் தடுத்துவிடும். ஆனால் அந்த ஓடைகளில்தான் வேறெங்கும் இல்லாத தவளைகளும் பூச்சிகளும் வாழ்கின்றன. கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையில், மீனே இல்லாதிருந்த ஏரிகளில் ட்ரவுட்டை விட்டதும் அங்குள்ள மஞ்சள்கால் தவளைகள் அருகின. சில ஏரிகளில் ட்ரவுட்டை அப்புறப்படுத்தியதும் தவளைகள் பெருகின.

ஆகவே இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். இமாச்சலத்தில் ட்ரவுட் பண்ணைகளும் தூண்டில் சுற்றுலாவும் பலருக்குப் பிழைப்பு. அங்கே இனப்பெருக்கக் காலத் தடைக்கு அர்த்தம் இருக்கிறது. நீலகிரியில் ட்ரவுட் பொரிப்பகத் தொட்டியில் இருக்கட்டும். பாதுகாக்கப்பட்ட ஓடைகளில் புதிதாகக் குஞ்சு விடுவதற்கு நியாயம் இல்லை.

இதில் நமக்கு என்ன?

கடலுக்குப் போகும் புதுச்சேரி விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. மலையில் வெளிநாட்டு மீனுக்கே நான்கு மாத ஓய்வு. ஆனால் ஏரியில் இருக்கும் நாட்டு மீனுக்கு? முதல் புதுவெள்ளத்தில் முட்டையிட எதிர்த்து ஏறி வரும் மீனை வாய்க்காலிலும் கலங்கலிலும் வலை கட்டி அள்ளுகிறோம். அது வயிறு நிறைய முட்டையோடு வரும் தாய் மீன். ஜிலேபிக்கு அந்தக் கவலை இல்லை. நம்ம ஊர் வெப்பத்தில் அது வருஷம் பூராவும் முட்டையிடும். அடிபடுவது கெண்டையும் விராலும்தான்.

ஏரியைக் குத்தகைக்கு விடும்போது, புதுவெள்ளம் வரும் முதல் சில வாரங்களுக்கு வாய்க்காலில் வலை கட்டக் கூடாது என்று ஒரு நிபந்தனை சேர்ப்பது பெரிய காரியமல்ல. மார்கழியில் தூண்டில் போட்டு ஜிலேபி பிடிப்பதில் தவறே இல்லை, தாராளமாகப் பிடிக்கலாம். ஐப்பசி வெள்ளத்தில் ஏறி வரும் விராலை மட்டும் விட்டுவைத்தால், அடுத்த மார்கழிக்கும் ஏரியில் விரால் இருக்கும்.