கொம்பனி கடிதம் தீர்ப்பு இல்லை



வாகனம் களவு போய், இன்சூரன்ஸ் கொம்பனி "தர ஏலாது" என்று ஒரு கடிதம் அனுப்பினால் நம்மவர்கள் அதோடு விட்டுவிடுகிறார்கள். "கத்ர்ல இருந்தது, போயிட்டு சேர்" என்பார்கள். இழப்பில் ஸப்ர் செய்வோம், சரி. வருஷா வருஷம் பிரீமியம் கட்டியவர் தன் உரிமையைக் கேட்பதை எந்த ஸப்ர் தடுத்தது?

எங்கள் தெருவில் ஒரு நானாவின் த்ரீவீல் இஷா நேரம் பள்ளிவாசலுக்கு வெளியே களவு போனது. ஃபுல் இன்சூரன்ஸ். (தேர்ட் பார்ட்டி மட்டும் என்றால் களவுக்கு ஒரு சதமும் கிடைக்காது.) கொம்பனி சொன்ன காரணம் கவனயீனம். சாவியை வண்டியிலேயே விட்டாராம்! இரண்டு சாவியையும் அவர் கொம்பனியிலேயே கையளித்திருக்கிறார். பிறகு இந்தக் கதை எங்கிருந்து வந்தது? பொலிஸ் முறைப்பாட்டிலிருந்து. "மற்றச் சாவி வீட்டில்" என்று தனக்குத் தெரிந்த சிங்களத்தில் அவர் சொன்னது வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கிறது. வாசிக்கத் தெரியாத எழுத்துக்குக் கீழே அவருடைய கையெழுத்து.

என் கோபம் இங்கேதான். தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. வாக்குமூலத்தைத் தமிழில் எழுதும்படி கேட்க நமக்கு உரிமை உண்டு. களவு போன பதற்றத்தில் அது யாருக்கு ஞாபகம் வரும்? ஆகவே சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். வாசித்து விளங்கப்படுத்தும் வரை கையெழுத்து வைக்க வேண்டாம். பிழையாக எழுதிவிட்டார்கள் என்றால் மேலதிக வாக்குமூலம் கொடுக்கலாம். நானா போன கிழமை கொடுத்துவிட்டார்.

கொம்பனியிடம், எந்த நிபந்தனையின் கீழ் மறுக்கிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். கவுன்டரில் வாயால் சொல்லும் பதிலை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. விதிவிலக்கைக் காட்டி மறுப்பவர்தான் அதை நிரூபிக்கவும் வேண்டும். அதற்கும் மசியவில்லையா, கொழும்பில் காப்புறுதி ஒம்புட்ஸ்மன் இருக்கிறார், கட்டணம் இல்லை. காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கும் முறையிடலாம். 2000 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கச் சட்டம் அதற்குத்தான் இருக்கிறது. தாமதிக்க வேண்டாம், வண்டி இல்லாவிட்டாலும் லீசிங் தவணை நிற்காது.

கடிதம் எழுத உதவி வேண்டியவர்கள் பொலிஸ் என்ட்ரி கொப்பியையும் கொம்பனியின் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு அஸருக்குப் பிறகு வீட்டுக்கு வாங்க. காப்புறுதிப் பத்திரமும் வேணும். வீட்டில் இல்லை என்றால் லீசிங் கொம்பனியில் கேட்டுப் பாருங்கள், கொப்பி தருவார்கள்.