வீட்டைத் திறந்தால் போதுமா?

பெரியோர் ஒருவர் வாழ்ந்த வீட்டை வாங்கி, வெள்ளையடித்து, வாயிலில் கல்வெட்டுப் பதித்து, கண்ணாடிப் பேழைக்குள் ஒரு மூக்குக் கண்ணாடியும் ஒரு பேனாவும் வைத்து, "தொடாதீர்கள்" என்று பலகையும் மாட்டிவிட்டால் நினைவில்லம் ஆகிவிட்டது என்று நம்மவர் எண்ணிக்கொண்டிருக்கின்றனர். திறப்பு விழாவிற்கு அமைச்சர் வருவார்; மாலைகள் விழும்; மறுநாள் செய்தித்தாளில் படமும் வரும். அதற்கு மறுநாள்? காவற்காரர் மட்டும் வாயிலில் அமர்ந்திருப்பார். வருவார் இல்லாத வீட்டைக் காப்பதைவிட அலுப்பான வேலை உலகில் உண்டோ?

வீடு என்பது என்ன, தோழர்களே? மார்கழியில் வாசலில் கோலம்; தையில் பொங்கற்பானை; வேனிலில் மாடியில் காயும் வடாம்; நவராத்திரியில் கொலுப்படி. பருவந்தோறும் ஏதேனும் ஒன்று நடந்துகொண்டே இருப்பதுதான் வீடு. நடப்பது நின்றுவிட்டால் மிஞ்சுவது கட்டடம். ஆகவே நினைவில்லம் ஒவ்வொன்றுக்கும் கண்ணாடிப் பேழையைவிட முதலில் வேண்டுவது ஒரு பஞ்சாங்கம். எந்த மாதத்தில் எதற்காக மக்கள் அங்கே வரவேண்டும் என்று அது சொல்லவேண்டும். அந்தப் பஞ்சாங்கத்தில் ஒரு நாளையாவது நம் சங்கம் எழுதித்தர வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வேண்டுகோள்.

நம் ஊரிலிருந்தே தொடங்குவோம். பெங்களூர்க் கோட்டைக்கு அருகே திப்பு சுல்தானின் கோடை அரண்மனை இருக்கிறது. ஐதர் அலி தொடங்கியதைத் திப்பு 1791-இல் முடித்தார். தேக்குத் தூண்களும் மரமாடங்களும் கண்ணைப் பறிப்பவை. 1799-இல் திப்பு வீழ்ந்தபின் அம்மாளிகை அரசு அலுவலகமாயிற்று. 1868 வரை எழுத்தர்கள் அங்கே கோப்புகளைப் புரட்டினார்கள். இன்று தொல்லியல் துறையின் காவலில் இருக்கிறது. மக்கள் ஏறுகிறார்கள், படம் எடுக்கிறார்கள், இறங்குகிறார்கள். பெயரைப் பாருங்கள்: கோடை அரண்மனை! ஒரு பருவத்திற்கென்றே கட்டிய வீடு. மே மாத நண்பகலில் முப்பது மாணவர்களை அம்மாடத்தில் உட்காரவைத்து, வெளியே வெயில் கொளுத்தும்போது உள்ளே ஏன் குளிர்கிறது, காற்று எவ்வழி வந்து எவ்வழி போகிறது என்று கட்டடக்கலை படித்த ஒருவர் ஒரு மணி நேரம் காட்டினால் போதும். நூறு அறிவிப்புப் பலகைகள் சொல்லாததை அந்த மாடமே சொல்லிவிடும். செலவு? குடிதண்ணீர்ச் செலவு.

"விழாக்கள் இல்லாத ஊரா இது?" என்று சிலர் கேட்பர். உண்மைதான். பெங்களூர் அரண்மனையின் திடலில் 2003-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் பாடினார்கள். 2011-இல் மெட்டாலிக்கா வந்தது. திருமணங்களோ கணக்கில. ஆனால் அந்த முழக்கத்திற்கும் அந்த மாளிகைக்கும் என்ன உறவு? வேறு எந்தத் திடலில் நடந்தாலும் அதே பாட்டுத்தான், அதே விருந்துதான். இடத்தை வாடகைக்கு விடுவது ஒன்று. வீட்டைப் பேசவைப்பது வேறொன்று. பின்னதைத்தான் நான் கேட்கிறேன்.

அப்படிப் பேசும் வீடுகள் நம் தமிழகத்தில் உண்டு. கும்பகோணத்தில் சாரங்கபாணி சன்னதித் தெருவில் கணித மேதை இராமானுசன் வளர்ந்த சிறு வீடு இருக்கிறது. அதை 2003-இல் வாங்கிக் காத்தது சாஸ்திரா பல்கலைக்கழகம். அவர் பிறந்த டிசம்பர் 22-ஐ ஒட்டி அந்நகரில் கணித அறிஞர்கள் கூடுகிறார்கள். எங்கெங்கிருந்தோ வருகின்ற பேராசிரியர்கள், அந்தக் குறுகிய வீட்டின் சன்னலருகே வந்து நின்று வாயடைத்துப் போகிறார்கள். அந்நாள் இல்லையேல் அது தெருவில் இன்னொரு ஓட்டு வீடு. திருவல்லிக்கேணியில் பாரதி வாழ்ந்த வீட்டைத் தமிழக அரசு 1993-இல் நினைவில்லமாக்கியது. டிசம்பர் 11 வந்துவிட்டால் அங்கே பல்லக்கு எழும். கவிஞனைத் தோளில் சுமந்து தெருவில் போவார்கள். வாழ்ந்த காலத்தில் அவனை ஊர் எப்படி நடத்தியது என்பதை நினைத்தால் அந்தப் பல்லக்கைப் பார்த்துச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆயினும் ஊர் கூடுகிறதே, அதுவே பெரிது.

சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996-இல் திறந்த தட்சிணசித்ரா இன்னும் ஒரு படி மேலே போனது. இடிபட இருந்த பழைய வீடுகளைப் பிரித்துக் கொணர்ந்து, தூணுக்குத் தூண் மீண்டும் நிறுத்தினார்கள். செட்டிநாட்டு வீடும் உண்டு, கேரளத்து வீடும் உண்டு. அங்கே பொங்கலும் நவராத்திரியும் வருந்தோறும் கொண்டாடப்படுகின்றன. முற்றத்தில் பானை பொங்கும்போதுதான் முற்றம் எதற்காகத் திறந்திருக்கிறது என்பது நகரத்துப் பிள்ளைக்குப் புரிகிறது. மேல்நாட்டார் இதை முன்னமே உணர்ந்தனர். இலண்டனில் சார்லஸ் டிக்கன்ஸ் வாழ்ந்த டவுட்டித் தெரு வீடு 1925 முதல் காட்சியகமாக இருக்கிறது. கிறிஸ்துமஸ் வந்தால் அவர் காலத்து முறையில் அதை அலங்கரிப்பார்கள். கிறிஸ்துமசைப் பற்றி அப்படி எழுதியவர் வீட்டில் கிறிஸ்துமஸ் இல்லாதிருந்தால் எப்படி?

இனி நம் கதைக்கு வருவோம். மைசூரில் யாதவகிரியில் ஆர். கே. நாராயண் கட்டிய வீட்டின் வரலாறு உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2011-இல் அது கட்டடக் காண்ட்ராக்டர் கைக்குப் போய், இடிக்கும் வேலையும் தொடங்கிவிட்டது. செய்தி வெளிவந்ததும் மக்கள் குரல் எழுப்பினார்கள், இடிப்பு நின்றது. நகராட்சி பொதுப்பணத்தில் வீட்டை வாங்கிச் செப்பனிட்டு 2016 ஜூலையில் காட்சியகமாகத் திறந்தது. இடையில் எதிர்ப்பும் எழுந்தது. தமிழ்க் குடும்பத்தில் பிறந்து ஆங்கிலத்தில் எழுதியவருக்குக் கன்னட நாட்டின் பணம் எதற்கு என்று சில கன்னட எழுத்தாளர்கள் கேட்டார்கள். அக்கேள்வியால் நாம் சினங்கொள்ள வேண்டியதில்லை. நாமும் நம் ஊரில் அப்படிக் கேட்கக்கூடியவர்கள்தாமே! எதிர்ப்புக்கு நடுவிலும் அவ்வீடு காப்பாற்றப்பட்டதே, அந்தப் பெருந்தன்மைக்கு நாம் என்ன மறுமொழி சொன்னோம்? நம்மில் எத்தனை பேர் அங்கே போயிருக்கிறோம்? மைசூர் அரண்மனை விளக்கொளிக்குப் போகிறோம்; மிருகக்காட்சிச் சாலைக்குப் போகிறோம்; திரும்பும் வழியில் மத்தூர் வடை தின்கிறோம்.

அவ்வீட்டின் மாடியில் எட்டுச் சன்னல்கள் கொண்ட எழுத்தறை ஒன்று உண்டு. சாமுண்டி மலை தெரியும்படி கட்டினார். பின்னர் அந்த அழகே எழுத்தைக் கெடுக்கிறதென்று திரை போட்டுக்கொண்டாராம். அவருடைய முதல் நாவல் பிறந்தது நம் பெங்களூரில்தான். பாட்டி குறித்துக்கொடுத்த நல்ல நாளில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி முதல் வரியை எழுதினார். (மல்லேசுவரமும் பசவனகுடியும் சேர்ந்துதான் மால்குடி ஆயிற்று என்று இவ்வூரார் பெருமையோடு சொல்வர். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.) நாள் பார்த்து எழுதத் தொடங்கியவர் வீட்டிற்கு விசயதசமியைவிடப் பொருத்தமான நாள் வேறேது? அன்று காலை பத்துக் கன்னடப் பிள்ளைகளும் பத்துத் தமிழ்ப் பிள்ளைகளும் புதுநோட்டும் பென்சிலுமாய் அந்த மாடியில் அமர்ந்து, அவரவர் மொழியில் தம் தெருவைப் பற்றி ஒரு பக்கம் எழுதட்டும். பேச்சாளர் வேண்டா. பொன்னாடை வேண்டவே வேண்டா.

இருமொழி என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. தமிழ் பேசும் குடும்பத்தில் பிறந்த மாஸ்தி வெங்கடேச ஐயங்கார் கன்னடச் சிறுகதையின் தந்தை எனப் போற்றப்பட்டு, 1983-க்குரிய ஞானபீடப் பரிசைப் பெற்றார். மாலூர் வட்டத்து மாஸ்தி கிராமத்தில் அவர் வீடு இன்று நூலகமாக இருக்கிறது. இந்த மண்ணில் இரு மொழிகளும் ஒரே திண்ணையில் அமர்ந்திருக்கின்றன. தமிழர் மட்டும் கூடித் தமிழர் புகழ் மட்டும் பேசிக் கலைவதற்கு மாநகரில் மண்டபங்கள் ஏராளம். இந்த வீடுகள் அதற்கு வேண்டா.

எல்லாவற்றிலும் நமக்கு அண்மையில் இருப்பது மல்லேசுவரத்துப் பஞ்சவடி. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன் வாழ்ந்த வீடு. அறிவியலைப் பொதுமக்கள் முன் வைப்பதற்கு அவரைவிட வழிகாட்டி யார்? 1948-இல் தம் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவியபின், ஆண்டுதோறும் அக்டோபர் 2-ஆம் நாள் காந்தி நினைவுச் சொற்பொழிவு என்று வைத்து, அறிவியலைத் தாமே எடுத்துரைத்தார். 1970 அக்டோபரில் செவியையும் ஒலியையும் பற்றிப் பேசினார். நவம்பர் 21-இல் மறைந்தார். எண்பத்திரண்டு வயது வரை நாள் தவறாத ஒரு பஞ்சாங்கம்! முதுமையில் அவர் ஆராய்ந்தது மலர்களின் நிறம். ரோசா ஏன் சிவக்கிறது என்பது.

பிப்ரவரி 28 அறிவியல் நாள். இராமன் விளைவு 1928-இல் கண்டறியப்பட்ட நாள். அந்த வாரத்தில் இந்நகரச் சாலைகளில் தபேபுயா மரங்கள் பூத்துச் சொரியும். அறிவியல் நாளன்று நாம் அரங்கில் கூடிக் கைதட்டிக் கலைகிறோம். அதற்கு மாறாக, அவ்வீட்டைப் பேணுவோரிடம் முறைப்படி அனுமதி கேட்டு, ஒரு மாலைப் பொழுது நாற்பது பள்ளிப் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்வோம். கையில் ஆளுக்கொரு பூவும் சிறு நிறமாலைக்காட்டியும். இயற்பியல் துறை நண்பர்கள் அட்டையிலும் பழைய குறுந்தகட்டுத் துண்டிலும் அக்கருவியை அரைமணியில் செய்துவிடுவார்கள். அவர் பார்த்த ஒளியை அவர் தோட்டத்தில் நின்று பிள்ளைகள் பார்க்கட்டும். லோகசுந்தரி அம்மையார் வீணை பயின்றவர். இறுதியில் ஒரு வீணை ஒலிக்கட்டும், ஒலிபெருக்கி இல்லாமல்.

பழைய வீடுகள் கூட்டத்தைத் தாங்குமா என்று கேட்பது நியாயமான கேள்வி. தாங்கா. ஆகவேதான் நாற்பது என்கிறேன். நானூறு என்று சொல்லவில்லை. செருப்பு வெளியே, உணவு வெளியே, சுவரில் ஆணி இல்லை, தோரணம் இல்லை. அனுமதி கிடைக்காவிட்டால்? அடுத்த ஆண்டும் கேட்போம். அதற்குள் மைசூர் வீட்டிற்கு எழுதலாம்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முத்தமிழ் விழாவில் மேடைக்கும் வண்ண விளக்கிற்கும் நாம் கொட்டும் தொகையில் பத்தில் ஒரு பங்கு இருந்தால் மேற்சொன்ன மூன்று நிகழ்ச்சிகளும் நடந்துவிடும். பேருந்துக் கட்டணமும் அதற்குள் அடக்கம். செயற்குழு அடுத்த மாதம் கூடுகிறது. வரவு செலவுத் திட்டம் அப்போது வரும். மேடையலங்காரம் என்ற வரிக்கு எதிரே நிற்கும் தொகையை யாராவது எழுந்து உரக்கப் படியுங்கள்.