வாடகை வீட்டுக்கு டைல்ஸ்!

கல்யாணத் தரகர், வாஸ்து நிபுணர், கம்ப்யூட்டர் கடைக்காரர்... இந்த மூன்று பேரிடமும் யோசனை கேட்கப் போகும்போது பர்ஸை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது உத்தமம். 'கம்ப்யூட்டர் பழசு சார், புது கேம் போட்டா திணறுது' என்று சொல்லிப் பாருங்கள். கேபினெட்டைத் திறந்துகூடப் பார்க்காமல் தீர்ப்பு வரும். 'மொத்தமா மாத்திடுங்க!'

மொத்தமாக மாற்ற மாசக் கடைசியில் யாரிடம் இருக்கிறது மொத்தம்?

உதாரணத்துக்கு ஓர் இளைஞரை எடுத்துக்கொள்வோம். திருவல்லிக்கேணி மேன்ஷன்வாசி. 2014-ல் காலேஜ் சேர்ந்தபோது அப்பா வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டர். இன்டெல் ஐ-5 4460, 8 ஜி.பி. டி.டி.ஆர்-3 ராம், 1 டி.பி. ஹார்ட் டிஸ்க், ஜி.டி.எக்ஸ் 750 டி.ஐ. கார்டு. தீபாவளி போனஸில் தங்கை கல்யாணச் சீட்டுக்குக் கட்டியது போக மிச்சம் 15,000 ரூபாய். இதை விட்டால் அடுத்த தீபாவளிதான். எங்கே போடுவது?

முதலில் காலணா செலவில்லாத வைத்தியம். கேபினெட்டைத் திறந்து தூசி தட்டுங்கள். சிலருக்கு உள்ளே ஒரு தலையணைக்குத் தேவையான பஞ்சு கிடைக்கும். பிராசஸர் மேல் தடவிய பேஸ்ட் பத்து வருஷத்தில் காய்ந்து வறட்டியாகியிருக்கும். புதிதாகத் தடவ ஒரு சின்ன ட்யூப் போதும். சூடு நூறு டிகிரியை நெருங்கினால் பிராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், வெயிலில் நடக்கிற மனுஷன் மாதிரி. மானிட்டர் ஒயர் கிராபிக்ஸ் கார்டில் சொருகியிருக்கிறதா, மதர்போர்டிலா என்றும் பார்த்துவிடுங்கள். மதர்போர்டில் இருந்தால், காசு கொடுத்து வாங்கின கார்டு உள்ளே தூங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்தது நோய் எங்கே என்று கண்டுபிடிப்பது. கேம் ஓடும்போதே டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். கிராபிக்ஸ் கார்டு 95 சதவிகிதத்துக்கு மேல் மூச்சு வாங்கினால், குறை கார்டில். கார்டு 60-ல் சும்மா உட்கார்ந்திருக்க, படம் மட்டும் தடுக்கித் தடுக்கி வந்தால் பிராசஸரோ ராமோதான் காரணம். தலைவலிக்கு முழங்காலில் தைலம் தேய்க்கக் கூடாது பாருங்கள். விநாடிக்கு 60 படம் வேண்டுமென்றால் ஒவ்வொரு படத்துக்கும் கிடைக்கிற அவகாசம் சுமார் 16.7 மில்லிசெகண்ட். யாராவது ஒருத்தர் லேட்டாக வந்தாலும் படம் நிற்கும்.

இன்னொரு இலவச உபாயம். 1920x1080 திரையில் கிட்டத்தட்ட 20.7 லட்சம் புள்ளிகள். அதை 1600x900-க்கு இறக்கினால் 14.4 லட்சம். கார்டின் வேலையில் மூன்றில் ஒரு பங்கு கிட்டத்தட்ட மிச்சம். 2021-ல் ஏ.எம்.டி. வெளியிட்ட எஃப்.எஸ்.ஆர். என்ற உத்தியும் சின்னப் படத்தைப் பெரிசாக்கிக் காட்டும். போட்டிக் கம்பெனியின் பழைய கார்டிலும் ஓடும். இந்தப் பெருந்தன்மை நம் பங்காளிகளிடம் கிடையாது.

இப்போது 15,000-க்கு வருவோம். இதற்கு ஒரே விதிதான்: வாடகை வீட்டுக்கு டைல்ஸ் போடாதே.

வாடகை வீட்டில் இருக்கிறவர் மிக்ஸி வாங்கலாம், ஃபேன் வாங்கலாம். காலி பண்ணும்போது வண்டியில் கூடவே வரும். தரைக்கு டைல்ஸ் போட்டால் வீட்டுக்காரருக்குத்தான் லாபம். அந்த மாதிரி, அடுத்த கம்ப்யூட்டருக்கும் கூடவே வரக்கூடிய சாமானில்தான் காசைப் போட வேண்டும்.

எஸ்.எஸ்.டி. கூட வரும். சுழலுகிற ஹார்ட் டிஸ்க் ஒரு ஃபைலைத் தேடிப் போக சுமார் 10 மில்லிசெகண்ட் ஆகும். எஸ்.எஸ்.டி.க்கு அதில் நூற்றில் ஒரு பங்கு. இதனால் படத்தின் எண்ணிக்கை பெரிதாக ஏறாது, ஆனால் 'லோடிங்' என்று திரையில் வரும்போது எழுந்து போய் டீ குடித்துவிட்டு வருகிற பழக்கம் போய்விடும். சைபர்பங்க் 2077 போன்ற கேம்கள் 2023-லேயே எஸ்.எஸ்.டி. கட்டாயம் என்று சொல்லிவிட்டன.

கிராபிக்ஸ் கார்டும் கூட வரும். இங்கேதான் ஜாக்கிரதை. மதர்போர்டு ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட் மின்சாரம்தான் கொடுக்கும். 2019-ல் வந்த ஜி.டி.எக்ஸ் 1650-ல் பல மாடல்கள் அதற்குள் அடங்கும். 2017-ன் ஆர்.எக்ஸ் 580 வேண்டுமென்றால் 185 வாட். கேபினெட்டோடு இலவசமாக வந்த பவர் சப்ளையை நம்பி அதைப் போடுவது, பழைய ஒயரிங் வீட்டில் ஏ.ஸி. மாட்டுவது போல. நல்ல பவர் சப்ளை வாங்குங்கள், அதுவும் கூட வரும்.

செகண்ட்ஹாண்ட் என்றால் பழைய ஜி.டி.எக்ஸ் 900, 1000 வரிசை வேண்டாம். புது கேம்களுக்காக அவற்றுக்கு டிரைவர் தருவதை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது. ரிச்சி தெருவில் வாங்கினாலும் சரி, நண்பரின் நண்பரிடம் வாங்கினாலும் சரி, கண் முன்னால் இருபது நிமிஷம் கேம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஃபேன் கரகரக்கிறதா, சூடு எவ்வளவு ஏறுகிறது, திரையில் புள்ளி கோலம் தெரிகிறதா? 2022 செப்டம்பரில் எத்தேரியம் 'சுரங்கம்' மூடப்பட்டபோது, இராப்பகலாக உழைத்த கார்டுகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. பொண்ணு பார்க்கப் போனால் பஜ்ஜியை மட்டும் பார்த்துவிட்டு வரலாமா?

டைல்ஸ் எது? டி.டி.ஆர்-3 ராமும் அந்தக் காலத்து பிராசஸரும். இன்னொரு 8 ஜி.பி. பழைய ராம் சல்லிசாகக் கிடைத்தால் போடலாம், அது வெள்ளையடிக்கிற செலவு. அதற்கு மேல் வேண்டாம். நாலாவது தலைமுறை ஐ-5-க்கு விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாகக் கிடையாது. விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதனால் அதில் கேம் ஆடுங்கள், பேங்க் வேலையை வேறெதிலாவது வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களிடம் இருப்பது ஏ.எம்.டி.யின் ஏ.எம்-4 போர்டு என்றால் கதையே வேறு. அது மொட்டை மாடியில் கம்பி நீட்டிக் கட்டின சொந்த வீடு! 2018-ன் பி-450 போர்டில் பயாஸை மட்டும் புதுப்பித்துவிட்டு 2022-ன் ரைஸன் 5 5600 பிராசஸரைப் பொருத்தலாம். ராமை மாற்ற வேண்டாம், போர்டை மாற்ற வேண்டாம். 2025 கடைசியில் ஏ.ஐ. டேட்டா சென்டர்களின் பசியால் ராம் விலை எகிறியதே, அந்த நேரத்தில் இவர்கள்தான் நிம்மதியாகத் தூங்கியவர்கள்.

கடைசியாக ஒன்று. 2024-ன் இண்டியானா ஜோன்ஸ், 2025-ன் டூம் இரண்டுமே ரே ட்ரேசிங் இல்லாத கார்டைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அந்த இரண்டுக்காகத் தங்கையின் சீட்டுப் பணத்தில் கை வைக்காதீர்கள். 2015-ல் கம்ப்யூட்டருக்கு வந்த விட்சர் 3, ஜி.டி.ஏ. 5 இரண்டும் உங்கள் பெட்டியில் ஜோராக ஓடும். தள்ளுபடியில் வாங்கிப் போட்டுத் தொடாமலே வைத்திருக்கிற கேம்களையும் ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். கம்ப்யூட்டர் பழசானால் என்ன சார்? இதுவரை ஆடாத கேம் எல்லாமே புதுசுதான்!