அழியாத ஓடும் அழுகும் உள்ளீடும்

பழைய பொருள்களைத் தேடிச் சேர்ப்போர் எந்நாட்டிலும் உளர். ஒருவர் தபால் முத்திரைகளைச் சேர்க்கிறார்; மற்றொருவர் நாணயங்களைச் சேர்க்கிறார்; வசதி மிகுந்த சிலர் பழைய மோட்டார்க் கார்களை வாங்கிப் புதுக்கி வைத்திருக்கின்றனர். ஐக்கிய அமெரிக்காவில் இவ்வார்வம் கடலிலும் இறங்கியிருக்கிறது. 1960களிலும் 1970களிலும் கண்ணாடி நாரினாற் செய்யப்பட்ட உல்லாச இயந்திரப் படகுகளை வாங்கி, அவற்றைப் பழைய கோலத்திலேயே மீண்டும் மிதக்கவிடுவோர் அங்கே ஒரு தனிக் கூட்டத்தினராய் விளங்குகின்றனர்.

இது செல்வரின் விளையாட்டுத்தானே, நமக்கென்ன என்று வாசகர் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா. பைபர் கிளாஸ் என்று நாம் வழங்கும் அதே பொருளாலான வள்ளங்களே இன்று நம் கரையோரங்களிலும் நிறைந்துள்ளன. அவற்றை நம்பியே பல குடும்பங்களின் அடுப்பு எரிகிறது. ஆதலின், அப்பொருளின் குணத்தையும் குற்றத்தையும் அறிந்து வைத்தல் நமக்கும் நன்மையே.

பெரிய உல்லாசக் கலங்கள் நெடுங்காலமாக மரத்தினாலேயே கட்டப்பட்டு வந்தன. மரக்கலம் அழகியது, ஆயினும் ஓயாத பராமரிப்பை வேண்டுவது. காலந்தோறும் கரையேற்றிக் கலப்பத்துப் பார்த்து, உளுத்த பலகையைக் கழற்றிப் புதுப் பலகை இடவேண்டும். கண்ணாடி நாரையும் செயற்கைப் பிசினையும் சேர்த்துச் சிறு படகுகள் செய்யும் முறை 1940களில் தோன்றியதாயினும், நாற்பது அடி நீளக் கலத்துக்கு அதனை நம்பப் பலர் தயங்கினர்.

அத்தயக்கத்தை உடைத்தவர்களுள் ஒருவர் வட கரோலைனா மாநிலத்தைச் சேர்ந்த வில்லிஸ் ஸ்லேன் என்பவர். அம்மாநிலத்துக் கடலோரத்திலுள்ள ஹற்றராஸ் முனை கொந்தளிப்புக்குப் பெயர்பெற்றது. அங்கு மீன்பிடிக்கச் செல்வதற்கேற்ற உறுதியான கலமொன்றைக் கண்ணாடி நாரினாலேயே செய்வதென அவர் துணிந்தார். ஜாக் ஹார்கிறேவ் என்னும் வடிவமைப்பாளர் அதற்கு வரைபடம் தந்தார். 41 அடி நீளமான அப்படகு 1960ஆம் ஆண்டில் வெள்ளோட்டம் விடப்பட்டது. அது உருவான ஹை பொயின்ற் நகரம் கடலிலிருந்து நெடுந்தொலைவில் உள்நாட்டில் உள்ளது. தளபாட உற்பத்திக்குப் புகழ்பெற்றது. கடலைக் காணாத ஊரிலே கடலை வெல்லும் கலம் பிறந்தமை வியப்பன்றோ!

இப்படகுகள் எவ்வாறு உருவாயின என்பதை மாணவர் அறிதல் வேண்டும். முதலிற் படகின் வெளியுருவுக்கேற்ற அச்சு ஒன்று செய்யப்படும். அதன் உட்புறத்தில் நிறங்கலந்த பிசின் ஒரு படையாகப் பூசப்படும். இதுவே பின்னர்ப் படகின் பளபளக்கும் புறப்படையாகும். அதன்மேல் கண்ணாடி நார்த் துணியையும் பாயையும் மாறிமாறிப் பரப்பிப் பொலியெஸ்ரர்ப் பிசினால் நனைப்பர். பிசின் இறுகியதும் ஓட்டை அச்சிலிருந்து பிரித்தெடுப்பர். ஒருமுறை இறுகிய இப்பிசின் மெழுகைப்போல மீண்டும் உருகாது. அது துருப்பிடியாது, செல்லரியாது. "இனிப் பராமரிப்பே வேண்டா" என்று அக்காலத்தில் பலர் எண்ணியதில் வியப்பில்லை.

ஆனால், அழிவு வேறு வழியாகப் புகுந்தது. மேற்றட்டு முழுவதையும் கனத்த கண்ணாடி நாராலேயே செய்தாற் பாரம் மிகும். மெல்லியதாகச் செய்தாற் காலின்கீழ் நெளியும். ஓர் அடிமட்டத்தைப் படுக்கையாகப் பிடித்து வளைத்துப் பாருங்கள். பின்னர் விளிம்பை மேலாக நிறுத்தி வளைத்துப் பாருங்கள். வேறுபாடு கைக்கே விளங்கும். ஒரு தகட்டின் கனம் இரட்டித்தால் அதன் விறைப்பு எட்டு மடங்காகும். ஆகவே, இரு மெல்லிய கண்ணாடித் தோல்களுக்கிடையே பல்சா என்னும் மிக இலேசான மரத்தையோ ஒட்டுப்பலகையையோ உள்ளீடாக வைத்தனர். பாரம் குறைந்தது, விறைப்பு மிகுந்தது. சிறந்த உபாயமே. ஆயினும், அழியாத தோலுக்குள்ளே அழியும் மரம் குடிபுகுந்தது.

கயிறு கட்டும் முளைக்கும் கைப்பிடிக் கம்பிக்கும் மேற்றட்டிலே துளையிடுவர். துளையைச் சுற்றிய அடைப்புப்பசை சில ஆண்டுகளில் வெடித்துவிடும். மழைநீர் துளித்துளியாக உள்ளிறங்கும். மரம் நனைந்து, ஊறி, அழுகிக் கூழாகும். வெளித்தோலோ முன்போலவே மினுங்கிக்கொண்டிருக்கும். மரக்கலம் தன் நோயை வெளியே காட்டிவிடும். கண்ணாடிக் கலமோ மறைத்து வைத்திருக்கும். வண்ணம் பூசி விற்பவனுக்கு வாய்ப்பும், கண்ணால் மட்டும் பார்த்து வாங்குபவனுக்கு ஆபத்தும் இவ்விடத்திலேதான் பிறக்கின்றன.

எனவே, தேர்ந்த தொழிலாளி முதலிற் செவியையே நம்புகிறான். சிறு சுத்தியலால் மேற்றட்டை அங்குலம் அங்குலமாகத் தட்டுகிறான். நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும். கெட்ட இடம் மந்தமாக ஒலிக்கும். ஈரமானியைக் கொண்டும் சோதித்துப் பழுதின் எல்லையைச் சுண்ணக்கட்டியாற் குறிக்கிறான். பின்னர் மேற்றோலை அறுத்துத் திறந்து, அழுகிய மரத்தைச் சுரண்டியெடுத்து, நன்றாய் உலர்த்திப் புதிய உள்ளீட்டை வைத்து மூடுகிறான். பழைய தோலும் புதிய நாரும் சேருமிடத்தை வெறும் விளிம்போடு விளிம்பாக ஒட்டினால் அது நிலையாது. தோலின் கனத்தைப்போலப் பன்னிரு மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்த்தே புதுநாரை இடுவர். காலங்குலக் கனமாயின் மூன்று அங்குலச் சரிவு வேண்டும். பழைய ஓட்டிற் பொலியெஸ்ரரைவிட எப்பொக்சிப் பிசின் உறுதியாகப் பற்றுமாதலால் அதனையே பெரிதும் விரும்புவர். துளைகளையும் சற்றுப் பெரிதாக்கி, எப்பொக்சியால் நிரப்பி, இறுகியபின் அதன் நடுவிலே மீண்டும் துளைப்பர். இனி நீர் கசிந்தாலும் மரத்தைத் தீண்டாது.

நீரின்கீழுள்ள ஓட்டுக்கு வேறொரு நோயுண்டு. பொலியெஸ்ரர் முற்றாக நீர்புகாப் பொருளன்று. பல்லாண்டுகளாக மிக நுண்ணிய அளவில் நீர் உட்சென்று, அங்குள்ள கரையும் பொருள்களைக் கரைத்துச் செறிந்த கரைசலாகிறது. பாடசாலையிற் கற்கும் பிரசாரணம் இங்கே தொழிற்படுகிறது. மேலும் மேலும் நீர் இழுக்கப்பட்டு, ஓட்டிலே கொப்புளங்கள் எழுகின்றன. குத்தினால் வினாகிரி போன்ற நெடியுடன் நீர் வடியும். புறப்படையைச் சீவியெடுத்து, நன்னீராற் கழுவி, வாரக்கணக்காகவும் சிலவேளை மாதக்கணக்காகவும் உலரவிட்டு, எப்பொக்சித் தடுப்புப்படை பூசுவதே பரிகாரம். உலருமுன் அவசரப்பட்டுப் பூசினால் நோயை உள்ளே வைத்து மூடியதாகவே முடியும்.

இத்தொழிலில் மனித உடலுக்குரிய இடரையும் மறத்தலாகாது. தேய்க்கும்போது எழும் கண்ணாடித் தூசு தோலையும் கண்ணையும் சுவாசப்பையையும் வருத்தும். பொலியெஸ்ரர்ப் பிசினின் ஆவி தலைநோவும் மயக்கமும் தரும். இருபகுதிப் பொலியுரெத்தேன் வண்ணத்தை விசிறுவோர் தகுந்த சுவாசக் கவசமின்றி நிற்பது பெருங்கேடு. ஒருவரது படகின் மினுக்கத்துக்கு மற்றொருவரது மூச்சு விலையாதல் முறையன்று.

இனிச் சேகரிப்போரிடையே உள்ள ஒரு வழக்கைக் கூறுவோம். எவ்வளவு பழையது எஞ்சினால் அது பழைய படகாகும்? தீசியசின் கப்பலைப் பேணிய ஆதென்ஸ் மக்கள், உளுத்த பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிவந்தனர் என்றும், அது பழைய கப்பல்தானா என்று தத்துவஞானியர் வாதிட்டனர் என்றும் புளுற்றாக் எழுதியிருக்கிறார். கண்ணாடிக் கலத்திலே இவ்வழக்குத் தலைகீழாகிறது. இங்கே ஓடு நிலைத்து நிற்கிறது. உள்ளீடும் மின்கம்பியும் எரிபொருட்டாங்கியும் இயந்திரமும் மாறுகின்றன. அக்காலத்துப் பல படகுகள் பெற்றோல் இயந்திரம் பூண்டவை. பெற்றோல் ஆவி காற்றினும் பாரமானது. படகின் அடியிலே தேங்கி ஒரு பொறியில் வெடிக்கவல்லது. பழைமையைப் போற்றிப் பெற்றோலையே வைத்திருப்பதா, உயிரைக் கருதி டீசலுக்கு மாறுவதா? இரு பக்கத்தாரும் உளர். கைப்பிடி, விளக்கு, சுக்கான் சில்லு, தேக்குமர அலுமாரி ஆகியவற்றைக் காத்தல் கலையுணர்வு. மனிதர் உயிர் தங்கியிருப்பவற்றை மாற்றுதல் கடமை என்பதே நம் துணிபு.

செலவோ பெரிது. திருத்தச் செலவு பலவேளைகளிற் படகின் சந்தை விலையையும் விஞ்சிவிடும். அங்ஙனமாயின் எறிந்துவிடலாகாதா? எறிவதும் எளிதன்று. உருகாத பிசின் மீண்டும் பயன்படுவது அரிது. எரித்தால் நச்சுப்புகை, புதைத்தால் நிலத்துக்குப் பாரம். பழைய உல்லாசப் படகுகளைக் கழித்தொதுக்கும் பொறுப்பிலே உற்பத்தியாளரும் பங்கேற்கும் ஏற்பாடு பிரான்சு நாட்டில் 2019 முதல் நடைமுறையில் உள்ளது. அழியாத பொருளைப் படைத்தவன் அதன் முடிவையும் சிந்திக்க வேண்டுமென்பது காலந்தாழ்த்தி வந்த ஞானம்.

நம் கரைவள்ளங்களுக்கும் இப்பாடம் பொருந்தும். இயந்திரம் பூட்டும் பின்புறத்தின் உள்ளே பெரும்பாலும் பலகையே இருக்கிறது. அங்கிட்ட ஆணித்துளை வழியே நீர் இறங்கினால் அமெரிக்கச் செல்வரின் படகுக்கு வந்த நோயே நம்மவர் வள்ளத்துக்கும் வரும். அவருக்கு இழப்புப் பணம். இவருக்கு இழப்பு நடுக்கடலில் உயிராகவும் இருக்கலாம். ஆண்டுக்கொரு முறை வள்ளத்தைக் கவிழ்த்து, தட்டிப் பார்த்து, துளைகளைப் புதிதாக அடைப்பதற்கு ஒரு நாட்கூலிக்கு மேல் ஆகாது.

சிறந்த புதுக்குநர் ஒரு வழக்கம் வைத்திருக்கின்றனர். திறந்த ஒவ்வோரிடத்தையும் படம்பிடித்து, எது பழையது, எது புதியது, எந்த நாளில் எப்பொருளை இட்டனர் என்பதைக் குறிப்பேட்டில் எழுதி, அதனைப் படகுடன் கையளிப்பர். வாங்குபவர் வண்ணத்தை நம்பவேண்டியதில்லை; ஏட்டை நம்பலாம். மூடிய பிறகு எவர் கண்ணுக்கும் தெரியாத வேலையை, எல்லாரும் பார்க்கப்போகிறார்கள் என்பதுபோற் செய்தலே தொழிலறம். மாணவர்காள், எந்தத் தொழிலுக்குச் சென்றாலும் இந்த ஒரு வழக்கத்தை உடன்கொண்டு செல்வீர்களாக!