தறிக்குப் பக்கத்தில் விரிக்கும் பாய்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பல நெசவாளர் வீடுகளில் கூடத்தின் பெரும்பங்கைக் குழித்தறியே எடுத்துக்கொள்கிறது. மிச்ச இடத்தில்தான் பீரோ, டிவி, சாப்பாடு, இரவானால் பாய். ஆவணி முகூர்த்தத்துக்கோ தீபாவளிக்கோ சேலை முடித்துக் கொடுக்க வேண்டிய நாட்களில் தறிக்கு மேலே தொங்கும் விளக்கு வெகுநேரம் அணையாது. அந்த வெளிச்சத்தில், நாடா ஓடும் சத்தத்தில், மூன்று வயதுக் குழந்தை தூங்கியாக வேண்டும்.

தூங்கவில்லை என்றால் அதன் தாய் யாரிடம் போய்க் கேட்பார்? மாமியாரிடம் கேட்பார், பக்கத்து வீட்டில் கேட்பார், கடைசியில் மருந்துக்கடையில் கேட்பார். அங்கன்வாடிப் பணியாளரிடமோ சுகாதார செவிலியரிடமோ அதைச் சொல்லத் தோன்றுவதில்லை. எடை கேட்டார்கள், தடுப்பூசி அட்டை கேட்டார்கள், பேச்சு வந்ததா என்று கேட்டார்கள். தூக்கத்தைப் பற்றி யாரும் கேட்டதில்லை. இந்த இதழைப் படிக்கும் சிறப்பாசிரியர்களும் சிகிச்சையாளர்களும் செவிலியர்களும் அந்த வீட்டு வாசலுக்கு ஏற்கெனவே போய் வருகிறவர்கள். அவர்கள் கேட்காமல் விட்ட ஒரு கேள்வியைப் பற்றியதுதான் இந்த ஆசிரியர் உரை.

2013-இல் தொடங்கப்பட்ட ஆர்.பி.எஸ்.கே. என்ற தேசிய சிறார் நலத் திட்டம், பிறந்தது முதல் 18 வயது வரையுள்ள குழந்தைகளிடம் 30 வகைக் குறைபாடுகளைத் தேடுகிறது. நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறையும் பள்ளிக்கு ஒருமுறையும் வர வேண்டும். இது நல்ல திட்டம். இதனால் இதயக் கோளாறு கண்டறியப்பட்டுப் பிழைத்த குழந்தைகள் உண்டு. ஆனால் அந்த 30-இல் தூக்கம் இல்லை. பட்டியலை இன்னொரு முறை பார்த்தால் ஒன்று புலப்படும். மூச்சிரைப்பு, வலிப்பு, காதில் சீழ், கடும் இரத்தசோகை, ஆட்டிசம், கவனக்குறைவு மிகைச்செயல்பாடு என்று அதில் இருப்பவற்றில் பல, இரவிலும் தலைகாட்டக்கூடியவை. பகல் 11 மணிக்குப் பள்ளி வராந்தாவில் குழந்தையைப் பார்க்கும் குழுவுக்கு இரவு 2 மணிக்கு நடப்பது தெரிய வழியில்லை. கேட்டால்தான் தெரியும்.

3 முதல் 5 வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கமும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரமும், 6 முதல் 12 வயதுக்கு 9 முதல் 12 மணி நேரமும், பதின்பருவத்தினருக்கு 8 முதல் 10 மணி நேரமும் தேவை என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016-இல் பரிந்துரைத்தது. காலை 7 மணிக்கு எழுப்பி அனுப்ப வேண்டிய இரண்டாம் வகுப்புக் குழந்தை இரவு 10 மணிக்குள் தூங்கினால்தான் குறைந்தபட்ச அளவாவது கிடைக்கும்.

குழந்தைகளின் தூக்கம் பறிபோவது காஞ்சிபுரத்துக்குப் புதிய விஷயமில்லை. உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் வரும் கோர்வைச் சேலைக்குத் தறியில் இரண்டாவது ஆள் வேண்டும். ஒரு காலத்தில் அந்த இரண்டாவது ஆள் பெரும்பாலும் சிறுவனாகவோ சிறுமியாகவோ இருந்தார். பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகப் பட்டுத் தொழிலில் பிணைக்கப்பட்ட குழந்தைகள் நாளொன்றுக்கு 12 மணி நேரமும் அதற்கு மேலும் உழைத்ததை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2003 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கை விரிவாகப் பதிவு செய்தது. அது ஆராய்ந்த ஊர்களில் காஞ்சிபுரமும் ஒன்று. தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் சிறப்புப் பள்ளிகளும் தொண்டு நிறுவனங்களும் வீடு வீடாக, தறி தறியாகப் போய் அந்தக் குழந்தைகளைப் பள்ளிக்கு அழைத்து வந்தன. பெற்றோரைக் குற்றவாளியாக நிறுத்தி அந்த வேலையைச் செய்திருக்க முடியாது. திண்ணையில் உட்கார்ந்து, கடன் என்ன, கூலி என்ன என்று முதலில் கேட்டவர்களுக்குத்தான் கதவு திறந்தது. தூக்கத்துக்கும் அதே வழிதான்.

இப்போது வீட்டின் நேரம் வேறு விதமாகவும் கலைகிறது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளின் பேருந்துகள் இருள் பிரியும் முன்பே வந்து ஆளை ஏற்றிக்கொண்டு போகின்றன. அப்பா இந்த வாரம் இரவு ஷிப்ட், அடுத்த வாரம் காலை ஷிப்ட். வேலை முடிந்து அவர் வீடு திரும்பும் நேரம்தான் குழந்தைக்கு அப்பா கிடைக்கும் நேரம். அது இரவு 11 மணியாக இருந்தால் குழந்தை விழித்துத்தான் இருக்கும். இதை ஒழுக்கக்கேடு என்று எழுதிவைப்பவர் அந்தக் குடும்பத்துக்கு உதவ முடியாது.

சிறு குழந்தைகள் விஷயத்தில் தூளியிலிருந்து தொடங்குவது நல்லது. பழைய பருத்திப் புடவையில் கட்டிய தூளியில் ஆட்டித் தூங்க வைப்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த முறை. அம்மா ஒரு கையால் கயிற்றை இழுத்துக்கொண்டே மறுகையால் தார் சுற்றுவார். முதல் சில மாதங்களில் இதில் குறையொன்றும் தெரியாது. சிக்கல் பிறகுதான் வருகிறது. ஆட்டினால்தான் தூக்கம் என்று பழகிய குழந்தை, இரவில் இயல்பாக வரும் ஒவ்வொரு சிறு விழிப்பிலும் ஆட்டச் சொல்லி அழும். ஒன்றரை வயதில் இரவுக்கு ஐந்து முறை எழுந்து ஆட்டும் தாய் மறுநாள் தறியில் உட்கார்ந்தால் இழை அறுவதும் தெரியாது, கோர்வை பிசகுவதும் தெரியாது. தானாக எழுந்து உட்காரத் தொடங்கிய குழந்தைக்குத் தூளியே ஆபத்து; கழுத்து சிக்கிய துயரங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. ஆகவே, நிறுத்துங்கள் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு வராமல், நிறுத்தும் விதத்தைக் கூட இருந்து சொல்லித்தர வேண்டும். முதலில் ஆட்டும் வேகத்தைக் குறைப்பது, குழந்தை அரைத்தூக்கத்தில் இருக்கும்போதே ஆட்டத்தை நிறுத்துவது, பிறகு பாயில் கிடத்தித் தட்டிக்கொடுப்பது, கடைசியில் கையை எடுத்துவிட்டுப் பக்கத்தில் படுத்திருப்பது. இதற்கு இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். நடுவில் ஒரு நாள் போன் செய்து விசாரித்தால்தான் குடும்பம் பாதியில் விடாது.

மேலைநாட்டுக் கையேடுகள் குழந்தைக்குத் தனியறை, தனிக்கட்டில், இருட்டு, அமைதி என்று தொடங்கும். அவற்றை அப்படியே தமிழாக்கிக் கொடுத்தால் பிள்ளையார்பாளையத்தில் எந்தப் பயனும் இல்லை. இங்கே பாட்டியோடு தூங்குவதுதான் வழக்கம். அதை மாற்றவும் தேவையில்லை. மாற்றக்கூடியவை வேறு. தறி விளக்குக்கு அட்டையில் ஒரு மறைப்பு கட்டி வெளிச்சத்தைத் தறியின் மீது மட்டும் விழச் செய்யலாம். பாயை விளக்குக்கு எதிர்க்கோடியில், புடவைத் திரைக்குப் பின்னால் விரிக்கலாம். மாலை 4 மணிக்கு மேல் குழந்தைக்கு டீ, காபி வேண்டாம். சாப்பாடு, முகம் கழுவல், பாய், கதை என்ற வரிசை தினமும் மாறாமல் இருக்கட்டும். ஆட்டிசமுள்ள குழந்தைக்கு அதையே படங்களாக வரைந்து சுவரில் ஒட்டலாம். கதை சொல்லும்போது செல்போன் வேறிடத்தில் இருக்க வேண்டும். படுக்கும் நேரம் முன்பின் ஆனாலும் எழும் நேரம் மாறக்கூடாது. தூக்கக் குறிப்பேடு என்று படிவத்தை நீட்டினால் பல தாய்மார் தயங்குவார்கள். தினசரி காலண்டர் தாளிலேயே படுத்த நேரம், எழுந்த நேரம், விழித்ததற்கு ஒவ்வொரு புள்ளி வைக்கச் சொன்னால் இரண்டு வாரத்தில் போதுமான விவரம் கையில் வந்துவிடும்.

ஊரின் நாட்காட்டியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். வைகாசியில் வரதராஜப் பெருமாள் கருட சேவைக்கு விடியுமுன்னே குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிற ஊர் இது. அந்த வாரத்தில் புதிய பழக்கம் எதையும் தொடங்கக்கூடாது.

மருந்தைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். சளி மருந்தில் இருக்கும் குளோர்பெனிரமின் மயக்கம் தரும் என்பது தாய்மாருக்கு அனுபவத்தில் தெரியும். அதனால் சளி இல்லாதபோதும் அது கைக்கு வருகிறது. குளோர்பெனிரமினும் பீனைலெப்ரினும் சேர்ந்த கலவையை 4 வயதுக்குட்பட்டவர்களுக்குத் தரக்கூடாது என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரிலேயே அறிவுறுத்தியது. 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் குழந்தைகளின் உயிரைப் பறித்த, டைஎத்திலீன் கிளைகால் நச்சு கலந்த இருமல் மருந்து இதே காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரிக்கப்பட்டது. அந்தச் சாவுகளுக்குக் காரணம் நச்சுக்கலப்பு. தூக்கத்துக்காகக் கொடுப்பது வேறு தவறு. ஆனால் பாட்டிலைக் கையில் எடுக்கும் முன் யோசிக்கும் மனநிலையில் இன்று பெற்றோர் இருக்கிறார்கள். தூங்க வைக்க சிரப் வேண்டாம் என்பதை இப்போது சொன்னால் காதில் ஏறும்.

எல்லாவற்றையும் பழக்கத்தால் சரிசெய்துவிட முடியாது. பெரும்பாலான இரவுகளில் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று திணறும் குழந்தையைக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். அடினாய்டும் டான்சிலும் காரணமாக இருக்கலாம். தூக்கத்தில் ஒரே மாதிரி வெட்டி இழுத்தால் வலிப்பா என்று பார்க்க வேண்டும்; குடும்பத்தார் செல்போனில் எடுத்த வீடியோ பெரிதும் உதவும். கால் குடைகிறது, எறும்பு ஊர்கிறது என்று புரளும் குழந்தைக்கு இரும்புச் சத்தைச் சோதிக்க வேண்டும். ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் 6 முதல் 59 மாதக் குழந்தைகளில் சுமார் 57 சதவீதத்தினருக்கு இரத்தசோகை இருந்தது. மூளை முடக்குவாதமுள்ள குழந்தை இரவில் அழுதால் வலியா, இறுக்கமா, நெஞ்செரிச்சலா என்று தேட வேண்டும்.

இதையெல்லாம் செய்யத் தூக்க ஆய்வகம் வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டாம் என்பதற்குச் சான்று உண்டு. எடின்பரோவில் ஜேன் ஆன்செல் 1998-இல் தொடங்கிய ஸ்லீப் ஸ்காட்லாந்து, சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளின் குடும்பங்களுக்காகத் தூக்க ஆலோசகர்களைப் பயிற்றுவித்தது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் கவனக்குறைவு மிகைச்செயல்பாடுள்ள 244 குழந்தைகளிடம் ஹாரியட் ஹிஸ்காக் குழு நடத்திய ஆய்வு 2015-இல் வெளியானது. இரண்டு அமர்வு, ஒரு தொலைபேசி அழைப்பு, அவ்வளவுதான் சிகிச்சை. தூக்கத்தோடு பகல்நேர அறிகுறிகளும் ஆறு மாதம் வரை மேம்பட்டிருந்தன. நம்மிடமும் அடித்தளம் இருக்கிறது. 1981-இல் ஆய்க்குடியில் தொடங்கிய அமர் சேவா சங்கம், சமூக மறுவாழ்வுப் பணியாளர்களை வீட்டுக்கே அனுப்பிக் குடும்பத்தை மையமாக வைத்து ஆரம்பகால இடையீடு செய்கிறது. முட்டுக்காட்டில் 2005 முதல் இயங்கும் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம், 2019-இல் மாவட்டம் பிரியும்வரை காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. அதன் பயிற்சிகளில் தூக்கத்துக்கு ஒரு நாள் ஒதுக்கினாலே பெரிய மாற்றம் வரும்.

தாயின் தூக்கத்தைக் கேட்காமல் குழந்தையின் தூக்கத்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை. ஆட்டிசமுள்ள குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குத் தூக்கச் சிக்கல் உண்டு. அந்த வீடுகளில் ஆண்டுக்கணக்கில் யாராவது ஒருவர் விழித்திருக்கிறார். வாரம் இரண்டு இரவு அப்பாவோ அத்தையோ பொறுப்பேற்க முடியுமா என்று முதல் சந்திப்பிலேயே பேசி முடிவு செய்ய வேண்டும். நள்ளிரவில் தாங்க முடியாமல் போகும் பெற்றோர், 2022 அக்டோபர் முதல் 24 மணி நேரமும் இயங்கும் டெலி மானஸ் மனநல உதவிச் சேவையின் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம். அந்த எண் ஒவ்வொரு குழந்தையின் சிகிச்சை அட்டையிலும் எழுதியிருக்க வேண்டும்.

ஜூடித் ஓவன்ஸ், விக்டோரியா டால்செல் இருவரும் 2005-இல் வெளியிட்ட கேள்வி முறை ஒன்று ஐந்தே விஷயங்களைக் கேட்கிறது: படுக்கும்போது தகராறு உண்டா, பகலில் தூங்கி விழுகிறதா, இரவில் விழிக்கிறதா, நேரம் ஒழுங்காக இருக்கிறதா, குறட்டை உண்டா. கேட்டு முடிக்கச் சில நிமிடம் போதும். மாவட்ட நிர்வாகம் பள்ளிப் பரிசோதனை அட்டையில் இந்த ஐந்துக்கும் ஒரு வரி ஒதுக்க வேண்டும். அது வரும்வரை வாசகர்கள் அட்டையின் பின்பக்கத்தில் கையால் எழுதிக்கொள்ளலாம். அடுத்த வீட்டுச் சந்திப்பில் கேட்டுப் பாருங்கள்; தறி வீடுகளில் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று இதழுக்கு எழுதுங்கள், வெளியிடுகிறோம்.